ஒப்பாரி விளையாட்டுப் பாட்டான கதை

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டனுக்குப் பக்கத்தில், மவுண்ட் பிளசன்ட் வழியாகப் போகும் 17ஆம் எண் நெடுஞ்சாலையோரம் மரச்சட்டங்களில் ஆணி அடித்துக் கூடைகளை மாட்டி வைத்திருப்பார்கள். நம்மூரில் பண்ருட்டிப் பக்கம் சாலையோரத்தில் பலாப்பழம் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. போன வசந்த விடுமுறையில் அந்தப் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தச் சொன்னேன். மூடி போட்ட ஒரு சின்னக் கூடையைக் கையில் எடுத்து விலை கேட்டேன். கேட்டதும் பழக்க தோஷத்தில் பாதி விலை சொல்லிவிட்டேன். என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடைக்கார அம்மா கறுப்பினத்தவர், எழுபது வயது இருக்கும். கோபப்படவில்லை. "இதை முடிக்க எனக்கு எத்தனை நாள் ஆகும் என்று நினைக்கிறாய் பெண்ணே?" என்று கேட்டார். மடியில் பாதி முடிந்த கூடை ஒன்று இருந்தது. வைக்கோல் பிரி மாதிரி ஒரு கற்றைப் புல்லைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவருகிறார். கையில் ஒரு தேக்கரண்டியின் காம்பு, குழிந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டு முனையைத் தேய்த்துத் தட்டையாக்கியது. அதால் பிரிக்குள் ஒரு துளை போட்டு, பால்மெட்டோ என்கிற குட்டைப் பனையின் ஓலைக் கீற்றை நுழைத்து இழுக்கிறார். துளை, கீற்று, இழுப்பு. மறுபடியும் துளை. "எவ்வளவு அழகாகப் பின்னுகிறீர்கள்" என்றேன். "பின்னவில்லை, தைக்கிறேன்" என்று திருத்தினார். பிறகு தெரிந்துகொண்டேன், அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கூடை தைப்பவர் என்றுதான் பெயர்.

பின்னால் பெரிதாக, தட்டையாக, விளிம்பு மட்டும் லேசாக உயர்ந்த வட்டக் கூடை ஒன்று தொங்கியது. அது என்ன என்று கேட்டேன். "ஃபேனர்" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். அதை இறக்கி, இரண்டு கையாலும் பிடித்து, மணிக்கட்டை மட்டும் சொடுக்கி, வெறும் கூடையைக் காற்றில் தூக்கித் தூக்கிப் பிடித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் உமி பறப்பது எனக்குத் தெரிந்தது.

திருவாரூர் பக்கத்தில் எங்கள் அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் நெல் குத்தி முடித்ததும் முறத்தில் போட்டுப் புடைப்பார். அதே சொடுக்கு. முன்பக்கம் உமி விழும், பின்பக்கம் அரிசி சேரும், கடைசியில் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டினால் குருணை தனியாக ஒதுங்கும். நம் முறம் மூங்கில், வாய் ஒரு பக்கம் திறந்தது. அவர்களுடையது புல், வட்டம். மணிக்கட்டு மட்டும் ஒன்று. இதைச் சொல்வது நமக்கும் அவர்களுக்கும் ஏதோ தொப்புள்கொடி உறவு இருக்கிறது என்று கதை விடுவதற்காக இல்லை. நெல் விளைகிற எந்த ஊரிலும் அந்த வேலை மனிதரின் கையை ஒரே மாதிரிதான் பழக்கும். எனக்குக் குடைந்த கேள்வி வேறு. எங்கள் அம்மாச்சிக்கு அது அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்தது. இந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சொத்தாக வாங்கி விற்கப்பட்ட ஒரு குடும்பத்துக்குள் இந்தச் சொடுக்கு எப்படித் தப்பிப் பிழைத்தது?

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியவள்தான். இன்னும் முடியவில்லை.

முதலில் ஒரு கணக்கு. அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் ஒரு கோடியே ஏழு லட்சத்தை ஒட்டி. இதில் பிரேசிலுக்கு மட்டும் ஏறக்குறைய 48 லட்சம் பேர். இன்று அமெரிக்க ஐக்கிய நாடாக இருக்கும் பகுதிக்கு நேரடியாக வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலின் பஹியாவிலோ கியூபாவிலோ மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா இனத்துத் தெய்வங்கள் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயரில் இன்றும் கும்பிடப்படுவது அதனால்தான் அவ்வளவு ஆச்சரியமில்லை. அங்கே புதிதாக வந்த கப்பல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தாண்டியும் மொழியையும் சடங்கையும் புதுப்பித்துக்கொண்டே இருந்தன. வட அமெரிக்காவில் 1808இல் இறக்குமதி சட்டப்படி நின்றுபோனது. கள்ளத்தனமாக வந்தது கொஞ்சம்தான். இங்கே தாய்நாட்டு நினைவு சீக்கிரமே வற்றிப் போயிருக்க வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் ஆனது. ஆனால் வட கரோலினாவின் தெற்கிலிருந்து ஃபுளோரிடாவின் வடக்கு வரை, கடலோரமும் அதை ஒட்டிய தீவுகளுமாக ஒரு பட்டை இருக்கிறது. அங்கே வாழும் கறுப்பின மக்களை வடக்கில் கல்லா என்றும் ஜார்ஜியாப் பக்கம் கீச்சி என்றும் சொல்வார்கள். (கல்லா என்றதும் நமக்குக் கடை மேசை ஞாபகம் வரும். அங்கோலாவிலிருந்து வந்த பெயர் என்று சிலரும், மேற்கு ஆப்பிரிக்காவின் கோலா இனத்திலிருந்து வந்தது என்று சிலரும் சொல்கிறார்கள்.) 2006இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தப் பட்டையை ஒரு பண்பாட்டுப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது.

இங்கே மட்டும் ஏன்? பதில் நெல்லில் இருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் தென் கரோலினாவுக்கு நெல் வந்தது. அங்கே குடியேறிய ஆங்கிலேயருக்கு நெல்லும் தெரியாது, சதுப்பும் தெரியாது. செனகலிலிருந்து லைபீரியா வரை நீளும் கரையில் இருந்தவர்களுக்கு இரண்டும் தெரியும். கடல் நீர் ஏறி இறங்கும் சதுப்பில் வரப்புக் கட்டி, உப்பைக் கழுவி, நன்னீரைத் தேக்கி நெல் போடும் வித்தை அவர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்தது. சார்ல்ஸ்டன் பத்திரிகைகளில் வந்த ஏல விளம்பரங்கள், "நெல் கரையிலிருந்து வந்தவர்கள்" என்று எடுத்துச் சொல்லின. சரக்குக்கு அது ஒரு தரச் சான்று. சியரா லியோன் ஆற்றின் நடுவே பன்ஸ் தீவில் ஒரு கோட்டை. அதன் உரிமையாளர்களில் ஒருவர் லண்டன் வணிகர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். அங்கிருந்து வரும் மனிதர்களைச் சார்ல்ஸ்டனில் தரகு வைத்து விற்றவர் ஹென்றி லாரன்ஸ். அமெரிக்கச் சுதந்திரப் போர் முடியும் தறுவாயில் 1782இல் பாரிசில் சமாதானம் பேச உட்கார்ந்தபோது பிரிட்டன் தரப்பில் இந்த ஆஸ்வால்ட், அமெரிக்கத் தரப்பில் இருந்தவர்களில் இந்த லாரன்ஸ். பழைய வியாபாரக் கூட்டாளிகள். சுதந்திரத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

வயலில் தண்ணீர் விடுவதற்கும் வடிப்பதற்கும் அங்கே இருந்த மதகுக்கு "ட்ரங்க்" என்று பெயர். பிற்காலத்தில் பலகையால் செய்த பெரிய மதகுகள் வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. காரணம், ஆரம்பத்தில் அது உள்ளே குடைந்த மரத்தண்டு, வாயில் ஒரு அடைப்பு. நம் ஏரிகளில் தூம்பு வைப்பது போலத்தான். மேற்கு ஆப்பிரிக்கச் சதுப்பு வயல்களிலும் இதே குடைந்த மரம், இதே அடைப்பு. பெண்கள் குதிகாலால் மண்ணில் குழி பறித்து, விதையைப் போட்டு, பாதத்தால் மூடிக்கொண்டே போவார்கள். அதையும் இரண்டு கரையிலும் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அறுவடைக்குப் பிறகு மர உரல், இரண்டு முனையும் தடித்த உலக்கை, ஃபேனர்.

இதில் ஆய்வாளர்களுக்குள் ஒரு சண்டை உண்டு. நெல் நுட்பம் முழுக்க ஆப்பிரிக்கர் கொடை என்று ஒரு தரப்பு. கப்பல் கணக்கைப் பார்த்தால் முதலாளிகள் நெல் தெரிந்தவர்களைத் தேடித் தேடி வாங்கியதாகத் தெரியவில்லை, கிடைத்தவர்களை வாங்கினார்கள், நுட்பம் பலர் கைபட்டு உருவானது என்று இன்னொரு தரப்பு. எனக்கு இரண்டாவது தரப்பின் கணக்கு சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு தோட்டத்தில் நூறு பேர் இருந்து, அதில் பத்துப் பெண்களுக்குப் புடைக்கத் தெரிந்திருந்தால் போதாதா? மிச்சம் தொண்ணூறு பேரும் அவர்களைப் பார்த்துத்தானே கற்றுக்கொள்வார்கள். எங்கள் அம்மாச்சி வீட்டில் புடைக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். வந்த மருமகள்கள் எல்லாருக்கும் அந்த ஒரு கைதான் குரு.

நெல் இன்னொன்றும் செய்தது. தேங்கிய தண்ணீர், கொசு, மலேரியா. வெள்ளை முதலாளிகள் கோடை தொடங்கும்போது நகரத்துக்கோ மலைக்கோ போய்விடுவார்கள், குளிர் வந்த பிறகுதான் திரும்புவார்கள். தோட்டத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் இருப்பார், வேலை செய்பவர்களிலிருந்தே எடுத்த மேஸ்திரி இருப்பார், மற்றவர்கள் எல்லாரும் ஆப்பிரிக்கர். 1708வாக்கிலேயே தென் கரோலினாவில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை. வேலையும் பருத்தித் தோட்டம் போல விடிந்ததிலிருந்து இருட்டும்வரை வரிசையில் நிற்பதில்லை. ஆளுக்குக் கால் ஏக்கர் என்கிற மாதிரி அளந்து விடுவார்கள். முடித்தால் மிச்சப் பொழுது உனக்கு. இதைத் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். இடுப்பளவு சேற்றில், பாம்புக்கும் காய்ச்சலுக்கும் நடுவே பிள்ளைகள் கொத்துக் கொத்தாகச் செத்த இடம் அது. ஆனாலும் அந்த மிச்சப் பொழுது இருந்தது. மீன்வலை பின்னினார்கள், தோட்டம் போட்டார்கள், வெண்டைக்காயும் தட்டைப்பயறும் வைத்தார்கள், பேசினார்கள்.

பேச்சு என்றால் என்ன பேச்சு? மெண்டே, வை, கிக்கோங்கோ, உவோலோஃப் என்று ஒருவருக்கொருவர் புரியாத மொழிக்காரர்கள். நடுவில் ஆங்கிலச் சொற்களை எடுத்து, தங்கள் மொழிகளின் இலக்கணத்தில் கோத்து ஒன்றை உருவாக்கினார்கள். விடியலுக்கு அதில் "டே க்ளீன்" என்பார்கள். பொழுது துப்புரவாகிவிட்டது என்று அர்த்தம். சொல் இரண்டும் ஆங்கிலம், ஆனால் எந்த ஆங்கிலேயரும் விடியலை அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரருக்கு "பக்ரா", ஆமைக்கு "கூட்டர்", வேர்க்கடலைக்கு "கூபர்". கடைசி இரண்டையும் இன்று தென் மாநிலத்து வெள்ளையர்களும் தங்கள் சொல் என்று நினைத்துப் புழங்குகிறார்கள்.

படித்தவர்கள் நெடுங்காலமாக இந்த மொழியைச் சோம்பேறி நாக்கின் கொச்சை ஆங்கிலம் என்றே எழுதினார்கள். லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1929 கோடையில் தென் கரோலினாக் கல்லூரி ஒன்றில் வகுப்பெடுத்தபோது, மாணவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் காதில் வாங்கினார். இது கொச்சை இல்லை என்று அவருக்குப் பொறி தட்டியது. 1930களின் தொடக்கத்தில் கனமான ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போனார். பிறகு லண்டன் போய் ஆப்பிரிக்க மொழிகளைப் படித்தார். 1949இல் அவர் வெளியிட்ட நூலில் ஆப்பிரிக்க மூலம் உள்ள பல ஆயிரம் சொற்கள். அதில் பெரும்பகுதி பெயர்கள். பள்ளிக்கூடத்துக்கும் முதலாளிக்கும் ஒரு ஆங்கிலப் பெயர், வீட்டுக்குள் ஒரு பெயர். அந்த வீட்டுப் பெயருக்கு "கூடைப் பெயர்" என்றே சொல்வார்கள். முன்பு வந்து ஆராய்ந்தவர்களுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்றால், அவர்கள் வெளியாள்கள். வெளியாளிடம் கூடைப் பெயரை யார் சொல்வார்?

இங்கே ஒரு கிளைக்கதை, சொல்லாமல் விட மனசில்லை. கரீபியத் தீவுகளில் மார்ட்டினிக், குவாடலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா எல்லாவற்றிலும் பெண்கள் விழா நாளில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் "மெட்ராஸ்". நம் மெட்ராஸேதான். சோழமண்டலக் கரைத் தறிகளில் நெய்து, மெட்ராஸ் வழியாகக் கப்பலேறிய கைக்குட்டைத் துணி. அது மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜர் டெல்டாவின் கலபாரி மக்கள் அதை "இஞ்சிரி" என்ற பெயரில் தங்கள் சொந்த உடையாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1786இல் அன்று ஸ்பெயினிடம் இருந்த நியூ ஆர்லியன்ஸில் ஆளுநர் மிரோ ஒரு உத்தரவு போட்டார்: கறுப்பினப் பெண்கள், அடிமையல்லாதவர்கள்கூட, தலையை அலங்கரிக்கக் கூடாது, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அவமானப்படுத்தத்தான் போட்டது. அவர்கள் கண்ணைப் பறிக்கிற மெட்ராஸ் துணியை எடுத்து, விதவிதமாக முடிச்சுப் போட்டுக் கட்டி, அதையே அலங்காரமாக்கிவிட்டார்கள். தறியில் உட்கார்ந்திருந்த நம் நெசவாளிக்கு அது யார் தலைக்குப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

சரி, ஜார்ஜியாவுக்கு வருகிறேன். மெக்கின்டாஷ் கவுண்டி என்று கடலோரத்தில் ஒரு மாவட்டம். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க அந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த மாவட்டத்தில் "ஷவுட்" என்று ஒரு வழிபாடு உண்டு. ஷவுட் என்றால் ஆங்கிலத்தில் கத்துவது, இது அதில்லை. டர்னர் இதை அரபுச் சொல் ஒன்றோடு இணைத்துப் பார்த்தார். நடப்பது இதுதான்: ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், பின்னால் இருப்பவர்கள் வாங்கிப் பாடிக் கை தட்டுவார்கள், ஒருவர் உட்கார்ந்து துடைப்பக் கட்டையால் மரத்தரையில் தாளம் போடுவார். பெண்கள் வட்டமாக, கடிகாரத்துக்கு எதிர்த் திசையில், காலைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். காலைத் தூக்கினாலோ ஒரு கால் இன்னொன்றைத் தாண்டினாலோ அது நடனம். நடனம் பாவம், சபை ஏற்காது. ஆகவே தேய்ப்பார்கள்.

துடைப்பக் கட்டை ஏன்? 1739 செப்டம்பரில் சார்ல்ஸ்டனுக்குத் தென்மேற்கே ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜெம்மி என்பவர் தலைமை. கொங்கோ-அங்கோலாப் பகுதிக்காரர்கள். கடையை உடைத்துத் துப்பாக்கி எடுத்து, முரசு கொட்டிக்கொண்டு, ஸ்பெயினிடம் இருந்த ஃபுளோரிடாவை நோக்கி நடந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையும். முரசைப் பிடுங்கினார்கள். கை இருந்தது, கால் இருந்தது, பெருக்குகிற கட்டை இருந்தது. எந்த முதலாளியும் துடைப்பத்தைத் தடை செய்யச் சட்டம் போட முடியாதே.

அதே மாவட்டத்தில் சபேலோ என்று ஒரு தீவு. அங்கே தாமஸ் ஸ்பால்டிங் என்பவரின் தோட்டத்தில் அடிமைகளை மேற்பார்த்தவர் பிலாலி முகமது. இன்றைய கினியில் இருக்கும் ஃபூட்டா ஜலோன் பகுதியில் பிறந்த முஸ்லிம், தானும் அடிமைதான். பதிமூன்று பக்கத்துக்கு அரபு எழுத்தில் ஒரு கையேடு எழுதி வைத்துவிட்டுப் போனார். அது நாட்குறிப்பு என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் படித்துப் பார்த்தால், சிறு வயதில் மனப்பாடம் செய்த, மாலிக்கி என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின் நூல் ஒன்றின் பகுதிகள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்வது எப்படி, தொழுவது எப்படி என்று ஞாபகத்திலிருந்து எழுதியவை. எழுதக்கூடாது என்று சட்டம் சொன்ன மண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதியது. அந்த எழுத்தைப் படிக்க அவர் வம்சத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் 1930களில் அரசாங்கச் சேகரிப்பாளர்கள் போய்க் கேட்டபோது, பிள்ளை வயதில் பாட்டி வருடத்தில் ஒரு நாள் அரிசியை ஊறவைத்து இடித்து, இனிப்புச் சேர்த்துத் தட்டை உருண்டையாகப் பிடித்துக் கையில் கொடுத்ததை அந்த வம்சத்துப் பேத்தி ஒருவர் சொன்னார். அதற்குப் பெயர் "சரகா". நம்மூர் முஸ்லிம் வீடுகளில் சதகா என்கிறார்களே, அதுதான். மார்க்கம் போனது, எழுத்து போனது, அரிசி உருண்டை தங்கியது. சாப்பாட்டு வழியில் வருவதை யாராலும் மறக்கடிக்க முடியாது போலும்.

இப்போது பாட்டு. மெக்கின்டாஷ் கவுண்டியில் ஹாரிஸ் நெக் என்று ஒரு ஊர். அங்கே அமீலியா டாலி என்ற பெண், டர்னரின் கருவிக்கு முன்னால் ஐந்து வரிப் பாட்டு ஒன்றைப் பாடினார். அர்த்தம் தெரியாது. வீட்டில் வழிவழியாகப் பாடுவது, ஆப்பிரிக்கப் பாட்டு என்று மட்டும் தெரியும். சியரா லியோனிலிருந்து அமெரிக்காவில் படிக்க வந்திருந்த சாலமன் கால்க்கர் என்ற மாணவர் அதைக் கேட்டு, இது மெண்டே, என் மொழி என்று சொன்னார். அமெரிக்காவில் அடிமைகளின் வம்சத்தில் தங்கிய ஆப்பிரிக்க மொழி வரிகளில் இவ்வளவு நீளமானது வேறு கிடைக்கவில்லை என்கிறார்கள்.

1990வாக்கில் ஜோசப் ஓபாலா என்ற மானுடவியலாளரும், சிந்தியா ஷ்மிட் என்ற இசை ஆய்வாளரும், சியரா லியோன் மொழியியலாளர் டாசியெஃப் கொரோமாவும் அந்தப் பதிவைக் கையில் எடுத்தார்கள். கொரோமாவுக்கு அதிலிருந்த ஒரு சொல் இடித்தது. கல்லறைக்கு உரிய சொல் அது, தெற்குப் பக்கத்து மெண்டேக்காரர்கள் மட்டும் சொல்கிற விதம். ஆகவே தெற்கே ஊர் ஊராகப் போய் ஷ்மிட் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். செனெஹுன் ங்கோலா என்ற சின்ன ஊரில் பெந்து ஜபாட்டி என்ற பெண் அதைக் கேட்டுவிட்டுத் தானும் பாடத் தொடங்கினார். ஏறக்குறைய அதே பாட்டு.

அது ஒப்பாரி. எல்லாரும் கூடி வாருங்கள், கல்லறை வேலை இன்னும் முடியவில்லை, போனவர் மனம் அமைதியடையட்டும் என்று போகிறது. தென்ஜாமி என்ற சடங்கில், கல்லறைக்குப் பக்கத்தில் சோறு சமைத்து இறந்தவருக்குப் படைத்து வழியனுப்பும்போது பெண்கள் பாடுவது. ஆற்றைக் கடக்க வைப்பது என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். ஆனால் செனெஹுன் ங்கோலாவிலும் அந்தச் சடங்கு நின்று பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. கிறிஸ்தவமும் இஸ்லாமும் பரவியபின் ஊர் அதைக் கைவிட்டுவிட்டது. பெந்துவின் பாட்டி மட்டும், இந்தப் பாட்டை விட்டுவிடாதே, இதை வைத்துத்தான் தொலைந்துபோன சொந்தங்களை அடையாளம் காண்பாய் என்று சொல்லியிருந்ததாக பெந்து சொன்னார்.

நம்பும்படி இல்லை, இல்லையா? எனக்கும் முதலில் படித்தபோது சினிமாக் கதை மாதிரிதான் இருந்தது. ஓபாலாவும் ஷ்மிட்டும் ஹாரிஸ் நெக் பக்கம் தேடிப் போனார்கள். அமீலியா இறந்துவிட்டார். அவருடைய மகள் மேரி மோரன் இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அவருக்குப் பாட்டு தெரிந்திருந்தது. அவருக்கு அது அம்மா சொல்லித்தந்த, ஆடிப் பாடுகிற விளையாட்டுப் பாட்டு.

இந்த இடத்தில்தான் நான் பல நாள் நின்றுவிட்டேன். ஒப்பாரி எப்படி விளையாட்டுப் பாட்டாகும்? நம் வீடுகளில் யாராவது பிள்ளை தெரியாமல் ஒப்பாரி ராகத்தை முணுமுணுத்தாலே "வாயை மூடு, விளக்கு வைக்கிற நேரத்தில்" என்று ஒரு போடு போடுவார்கள். அந்த அம்மாக்கள் யாருமே பிள்ளைகளை அடக்கவில்லை என்றால், எங்கோ ஒரு தலைமுறையில் அர்த்தம் அறுந்துவிட்டது. அல்லது அறுத்துவிட்டார்களோ? மெண்டே தெரிந்த ஒரு பாட்டி, மடியில் இருக்கும் பேத்திக்கு அர்த்தத்தைச் சொல்லாமல் மெட்டை மட்டும் கொடுத்திருக்கலாம். சாவுப் பாட்டு என்று சொன்னால் பிள்ளை பாடாது. விளையாட்டு என்றால் விடாது. இது என் ஊகம்தான், எந்த ஆய்வாளரும் சொன்னதில்லை. ஆனால் பாட்டை எங்கே ஒளித்தால் பத்திரமாக இருக்கும் என்று ஒரு பாட்டிக்குத் தெரியாதா என்ன?

"ஆப்பிரிக்கர்கள் தங்கள் பண்பாட்டைப் பாதுகாத்தார்கள்" என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பாதுகாத்தல் என்ற சொல் பிடிக்கவில்லை. அலமாரியில் பூட்டி வைத்தது போல இருக்கிறது. இங்கே யாரும் எதையும் பூட்டி வைக்கவில்லை. சோறு வேண்டும், புடைத்தார்கள். கும்பிட வேண்டும், முரசு இல்லை, தரையைத் தட்டினார்கள். பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட வேண்டும், பாடினார்கள். ஒப்பாரியின் பாதி இந்தக் கரையில் சத்தமாகத் தங்கியது, மறுபாதி அந்தக் கரையில் அர்த்தமாகத் தங்கியது. ஆற்றைக் கடக்க வைக்கும் சடங்கை இரண்டு கரையுமே விட்டுவிட்டன.

சந்திக்கலாம் என்றபோது சியரா லியோனில் உள்நாட்டுப் போர். 1991இல் தொடங்கியது, இழுத்துக்கொண்டே போனது. 1997இல் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில் மேரி மோரன் குடும்பத்தோடு செனெஹுன் ங்கோலா போனார். போரில் எரிந்து மீண்டும் எழுந்துகொண்டிருந்த ஊர். தொண்ணூறு வயதுப் பார்வையிழந்த தலைவர் நாபி ஜா, தென்ஜாமியை மறுபடியும் நடத்த ஏற்பாடு செய்தார். எப்படிச் செய்வது என்று தெரிந்த கடைசி ஆள்களில் அவர் ஒருவர். கல்லறைக்குப் பக்கத்தில் மேரியும் பெந்துவும் சேர்ந்து பாடினார்கள். அந்த ஆண்டு மே மாதமே அங்கே ராணுவப் புரட்சி வந்தது. அதனால் அந்தச் சில வாரங்கள் தவறியிருந்தால் இது நடந்தே இருக்காது.

அமீலியா பாடிய ஹாரிஸ் நெக்கைப் பார்க்க வேண்டும் என்று போன அக்டோபரில் போனோம். அட்லாண்டாவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் குறையாத பயணம். போய்ப் பார்த்தால் ஊர் இல்லை. தெரிந்துதான் போனேன், இருந்தாலும். 1942இல் போர் விமானத்தளத்துக்கு என்று மத்திய அரசு 2,600 ஏக்கருக்கு மேல் எடுத்துக்கொண்டது. சில வாரக் கெடு கொடுத்துக் குடும்பங்களைக் கிளப்பினார்கள், வீடுகளை இடித்தார்கள். போர் முடிந்தது, நிலம் திரும்பவில்லை. 1962இல் அது வனவிலங்குச் சரணாலயமானது. 1979இல் வாரிசுகள் சிலர் உள்ளே போய்க் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், கைது செய்தார்கள்.

பழைய ஓடுபாதையின் கான்கிரீட் இன்னும் கிடக்கிறது, வெடிப்பில் புல் முளைத்து. ஒரு குளத்தில் நாரைகள் கூடு கட்டுமாம், நாங்கள் போனபோது கூடு காலி. கொசு மட்டும் குறைவில்லாமல் இருந்தது. வண்டியை விட்டு இறங்கிய ஐந்து நிமிடத்தில் என் கணவர், "போதும், ஏறு" என்றார்.

உள்ளே ஒரு பழைய கறுப்பின மயானம் மட்டும் ஊர்க்காரர்களுடையதாக இருக்கிறது. கருவாலி மரங்களிலிருந்து சடை போலப் பாசி தொங்க, அதன் அடியில் கல்லறைகள். ஒரு கல்லறையின் தலைமாட்டில் கைப்பிடி உடைந்த பீங்கான் கோப்பை ஒன்று, பாதி மண்ணில் புதைந்து. இறந்தவர் கடைசியாகப் புழங்கியதை உடைத்து வைப்பது இங்கே பழக்கம். கோப்பைக்குள் மழைத் தண்ணீர் நின்றது. பக்கத்தில் ஒரு குழி, புதிதாக வெட்டி, மேலே நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார்கள்.